புத்தகம் போகலாம், பிளாப்பி போகக் கூடாது

1994 பிப்ரவரியில் அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஆயுத வணிகப் பிரிவுக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. அனுப்பியவர் ஃபில் கார்ன், சான் டியேகோவில் குவால்காம் நிறுவனத்தில் வேலை பார்த்த பொறியாளர். புரூஸ் ஷ்னையர் எழுதிய ‘அப்ளைடு கிரிப்டோகிராஃபி’ என்ற தடித்த புத்தகம் அப்போதுதான் கடைக்கு வந்திருந்தது. அதை வெளிநாட்டுக்கு அனுப்ப உரிமம் வேண்டுமா என்று கார்ன் கேட்டிருந்தார். புத்தகம் அனுப்புவதற்கு எதற்கு உரிமம் என்று தோன்றலாம். அந்தப் புத்தகத்தின் கடைசிப் பகுதியில் டெஸ், ஐடியா போன்ற மறைகுறி முறைகளின் மூல நிரல்கள் சி மொழியில் அச்சாகியிருந்தன. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, செய்தியை மறைகுறியாக்கும் மென்பொருள் போர்த் தளவாடம். டாங்கியும் ஏவுகணையும் இருந்த அதே பட்டியலில், 13ஆம் பிரிவில், அதற்கும் இடம் இருந்தது.

மார்ச்சில் பதில் வந்தது. புத்தகம் பொதுவில் விற்கப்படுவது, எங்கள் கட்டுப்பாட்டுக்குள் வராது, அனுப்பிக்கொள்ளலாம் என்றார்கள்.

கார்ன் எதிர்பார்த்திருந்தது இதைத்தான். உடனே அடுத்த விண்ணப்பத்தைப் போட்டார். அதே புத்தகத்தில் உள்ள அதே நிரல்கள், இந்த முறை ஒரு பிளாப்பியில். மே மாதம் வந்த பதிலில் துறை கறாராக இருந்தது. பிளாப்பி போர்த் தளவாடம், உரிமம் இல்லாமல் போகக் கூடாது. காரணமும் சொல்லியிருந்தார்கள். புத்தகத்தில் இருப்பது அப்படியே பிளாப்பியில் இல்லை, ஒவ்வொரு நிரலும் தனித்தனிக் கோப்பாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, எளிதில் கம்பைல் செய்து ஓட்டிவிடலாம். அதாவது, சட்டப்படி போகலாம் என்பதற்கும் சிறைக்குப் போகலாம் என்பதற்கும் நடுவே இருந்தது ஒரு தட்டச்சரின் சில நாள் வேலை.

சட்டம் புரியாத ஏதோ ஒரு குமாஸ்தாவின் குளறுபடி என்று இதை ஒதுக்க முடியாது. அரசின் வழக்கறிஞர்கள் அடுத்த ஆறு ஆண்டுகள் நீதிமன்றங்களில் நின்று வாதாடியது இதே நிலைப்பாட்டுக்காகத்தான். மென்பொருளின் மூல நிரல் எழுத்தா, பொருளா? எழுத்து என்றால் அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் அதற்குக் காவல். வெளியிடுமுன் எங்களிடம் அனுமதி வாங்கு என்று அரசு சொல்ல முடியாது. பொருள் என்றால் துப்பாக்கிக்குக் கேட்பதுபோல உரிமம் கேட்கலாம். இன்று ஓப்பன் சோர்ஸ் ஆர்வலர்கள் ஒரு பக்கமும், அந்தரங்க உரிமை பேசுவோர் ஒரு பக்கமும், கருத்துரிமைக்காரர்கள் இன்னொரு பக்கமுமாக நின்று பேசும் விஷயங்கள் அன்று இந்த ஒரே கேள்வியில் பின்னிக் கிடந்தன.

1976இல் டிஃபியும் ஹெல்மனும் வெளியிட்ட கட்டுரையையும், மறு ஆண்டு எம்ஐடியில் ரிவெஸ்ட், ஷமீர், அடல்மன் மூவரும் கண்டுபிடித்த ஆர்எஸ்ஏ முறையையும் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். முன்பின் சந்தித்திராத இரண்டு பேர், ரகசியச் சாவி எதையும் நேரில் கைமாற்றிக்கொள்ளாமலே ரகசியமாகப் பேசிக்கொள்ளலாம் என்றானது. அதுவரை மறைகுறி என்பது படைகளும் தூதரகங்களும் மட்டும் புழங்கிய சரக்கு. அதை ஆயுதப் பட்டியலில் வைத்ததற்காக யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஜெர்மனியின் எனிக்மாவை உடைத்ததால் போரில் கிடைத்த ஆதாயத்தைக் கண்ணால் கண்டவர்கள் போட்ட பட்டியல் அது. ஆனால் எண்பதுகளில் கணினி வீட்டு மேசைக்கு வந்துவிட்டது. பட்டியல் இருந்த இடத்திலேயே இருந்தது.

கொலராடோ மாநிலம் போல்டரில் ஃபில் ஸிம்மர்மன் என்ற மென்பொருளாளர் இருந்தார். அணு ஆயுத எதிர்ப்பு இயக்கத்தில் ஊறியவர். போராட்டக்காரர்களின் கடிதங்களை அரசு படிக்கக் கூடாது என்ற எண்ணத்தில், சாதாரணக் கணினியில் ஓடக்கூடிய மறைகுறி மென்பொருள் ஒன்றைப் பல ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருந்தார். 1991இல் செனட்டுக்கு ஒரு மசோதா வந்தது, எண் 266. கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் பின்னாளில் அதிபரான ஜோ பைடன். சட்டப்படி கேட்கும்போது பேச்சையும் செய்தியையும் வெறும் எழுத்தாக அரசுக்குத் தரும்படி தகவல் தொடர்பு நிறுவனங்கள் தங்கள் கருவிகளை அமைக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி இருந்தது. யாரையும் கட்டுப்படுத்தாத வெறும் விருப்ப வரிதான். பிறகு அதை நீக்கியும் விட்டார்கள். ஆனால் அதைப் படித்த ஸிம்மர்மனுக்கு இன்னும் கொஞ்ச நாளில் இது குற்றமாகிவிடும் என்று பட்டது. வருமான வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து முடித்தார். வீட்டுக் கடன் தவணை ஐந்து தவறிப்போனது.

விற்கத்தான் நினைத்திருந்தார். கடைசியில் மூல நிரலோடு சேர்த்து இலவசமாகக் கொடுத்துவிட்டார். பெயர் பிஜிபி. வானொலிக் கதைசொல்லி கேரிசன் கீலர் கற்பனையில் உருவாக்கிய ஊரில் ஒரு மளிகைக் கடை உண்டு. ‘ஓரளவு நல்ல சரக்குதான்’ என்று தன்னடக்கத்தோடு பெயர் வைத்துக்கொண்ட கடை. அதன் சாயலில் வைத்த பெயர் இது. 1991 ஜூனில் அவருடைய நண்பர் ஒருவர் மடிக்கணினியோடும் தொலைபேசி ரிசீவரில் பொருத்தும் கருவியோடும் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தைச் சுற்றிவந்தார். ஒரு பொதுத் தொலைபேசியில் சில நிமிடம் ஏற்றுவார், காரில் ஏறி அடுத்த தொலைபேசிக்குப் போவார். அரசு தடுப்பதற்குள் ஊரெல்லாம் பரவிவிட வேண்டும் என்ற அவசரம். யூஸ்நெட்டில் போட்டபோது, அமெரிக்காவுக்கு மட்டும் என்று ஒரு குறிப்பையும் சேர்த்தார்கள். வலைக்கு அது புரியவா போகிறது? சில நாட்களிலேயே மென்பொருள் கடல் தாண்டிவிட்டது.

முதல் பதிப்பு தரமானதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஸிம்மர்மன் சொந்தமாக உருவாக்கிய மறைகுறி முறையில் ஓட்டைகள் இருப்பதை விஷயம் தெரிந்தவர்கள் சீக்கிரமே அவருக்குக் காட்டினார்கள். நிரல் எல்லோர் கையிலும் இருந்ததால்தான் அது முடிந்தது. 1992 செப்டம்பரில் வந்த இரண்டாம் பதிப்பில் தன் முறையைத் தூக்கிப்போட்டுவிட்டு, சுவிட்சர்லாந்தில் உருவான ஐடியா என்ற 128 பிட் முறையைச் சேர்த்தார். பல நாட்டுத் தன்னார்வலர்கள் கைகொடுத்தார்கள். ஆர்எஸ்ஏ காப்புரிமையை வைத்திருந்த நிறுவனம் வேறு, எங்களைக் கேட்காமல் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சண்டைக்கு வந்தது. அந்தத் தகராறு தனிக் கதை.

128 பிட் என்பது ஏன் அரசின் கண்ணை உறுத்தியது? அப்போது ஏற்றுமதிக்குச் சுலபமாக அனுமதி கிடைத்தது 40 பிட் சாவிக்குத்தான். 40 பிட்டில் இருக்கக்கூடிய சாவிகள் மொத்தம் சுமார் 1.1 லட்சம் கோடி. கேட்க மலைப்பாக இருக்கும், கணினிக்கு அது பெரிய எண்ணே அல்ல. நெட்ஸ்கேப் தன் உலாவியை உள்நாட்டுக்கு 128 பிட், வெளிநாட்டுக்கு 40 பிட் என்று இரண்டு பதிப்பாக வெளியிட்டது. 1995 ஆகஸ்ட்டில் பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் இருந்த தாமியன் தொலிழே, நூற்றுக்கும் மேற்பட்ட கணினிகள் சும்மா இருக்கும் நேரத்தைப் பயன்படுத்தி, அந்த வெளிநாட்டுப் பதிப்பில் பூட்டிய ஒரு செய்தியை 8 நாளில் திறந்து காட்டினார். ஓர் ஆய்வாளரால் இது முடியும் என்றால் என்எஸ்ஏ என்னும் தேசியப் பாதுகாப்பு முகமையால் எவ்வளவு முடியும்? 40 என்ற எல்லைக்குப் பின்னால் இருந்த கணக்கு அதுதான்.

1993 பிப்ரவரியில் சுங்கத் துறை அதிகாரிகள் இருவர் ஸிம்மர்மனைத் தேடி வந்தார்கள். உரிமம் இல்லாமல் ஆயுத ஏற்றுமதி செய்தாரா என்று சான் ஹோசேயில் கிராண்ட் ஜூரி விசாரணை தொடங்கியது. அவர் கையால் எதையும் வெளிநாட்டுக்கு அனுப்பவில்லை. அமெரிக்காவில் இருக்கும் ஒரு கணினியில் ஏற்றிய கோப்பை வேறொரு நாட்டுக்காரர் எடுத்துக்கொண்டால் அது ஏற்றுமதியா? யாருக்கும் பதில் தெரியாது. மூன்று ஆண்டுகள் கத்தி தலைக்கு மேல் தொங்கியது.

அந்த நேரத்தில்தான் எம்ஐடி பதிப்பகம் ஒரு காரியம் செய்தது. 1995இல் பிஜிபியின் மூல நிரல் முழுவதையும் புத்தகமாகப் போட்டது. 900 பக்கத்துக்கும் மேல், ஸ்கேனர் தடுமாறாமல் படிக்கும்படியான எழுத்துருவில். புத்தகத்துக்கு முன்னுரை உண்டு, ஆசிரியர் பெயர் உண்டு, புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தின் முத்திரை உண்டு. தடுத்தால் ஒரு புத்தகத்தை அரசு தடை செய்ததாகிவிடும். தடுக்காவிட்டால் ஐரோப்பாவில் யாரும் ஸ்கேன் செய்து ஓட்டலாம். அரசு தடுக்கவில்லை. என்னைக் கேட்டால், இந்த முப்பது ஆண்டுக் கதையில் இதைவிடச் சாமர்த்தியமான ஆட்டம் வேறில்லை. கார்ன் விண்ணப்பத்தில் சுட்டிக்காட்டிய அபத்தத்தைக் கப்பலேற்றி அனுப்பிக் காட்டினார்கள். 1997இல் பிஜிபியின் ஐந்தாம் பதிப்பையும் இதே வழியில் வெளியே கொண்டுபோனார்கள். 12 புத்தகங்கள், 6,000க்கும் மேற்பட்ட பக்கங்கள். ஆஸ்லோவை மையமாகக் கொண்ட ஒரு குழுவும் பல நாட்டுத் தன்னார்வலர்களும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்தார்கள். ஸ்கேனர் ஒன்று என்ற எண்ணையும் எல் என்ற எழுத்தையும் குழப்பிக்கொள்ளும், காற்புள்ளியைப் புள்ளியாக்கிவிடும். நிரலில் ஒரு புள்ளி பிசகினாலும் ஓடாது. அதனால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணையும் சேர்த்தே அச்சிட்டிருந்தார்கள்.

இங்கிலாந்தில் ஆடம் பேக் இன்னும் ஒரு படி மேலே போனார். ஆர்எஸ்ஏ முறையைப் பெர்ல் மொழியில் சில வரிக்குள் சுருக்கி எழுதினார். அதை டி-சட்டையில் அச்சடித்து, இந்தச் சட்டை ஒரு போர்த் தளவாடம் என்ற அறிவிப்போடு விற்றார்கள். அதைப் போட்டுக்கொண்டு விமானம் ஏறினால் ஆயுதக் கடத்தலா என்று கேட்டுச் சிரித்தார்கள். கேலி செய்யப்படும் சட்டத்துக்கு ஆயுள் குறைவு என்பதை அன்று வாஷிங்டனில் சிலர் உணர்ந்திருக்கக் கூடும்.

அரசுத் தரப்பை முழு முட்டாளாகக் காட்டிவிட்டால் கதை சுலபமாகிவிடும், உண்மை தப்பிவிடும். நீதிமன்ற ஆணையோடு போனாலும் குற்றவாளியின் பேச்சைக் கேட்க முடியாத நிலை வருகிறதே என்று எஃப்பிஐ கவலைப்பட்டது. அந்தக் கவலை பொய்யில்லை. அதற்கு 1993 ஏப்ரல் 16ஆம் தேதி வெள்ளை மாளிகை அறிவித்த தீர்வுதான் கிளிப்பர் சிப். தொலைபேசியில் பொருத்தும் சில்லு. நல்ல பூட்டுதான், ஆனால் ஒவ்வொரு சில்லின் சாவியும் இரண்டு பாதியாக இரண்டு அரசு அலுவலகங்களில் இருக்கும். உள்ளே இருந்த ஸ்கிப்ஜாக் என்ற முறையோ ரகசியம். பூட்டை நம்பு, எப்படிச் செய்தோம் என்று கேட்காதே என்றது அரசு. 1994இல் பெல் ஆய்வகத்தின் மேட் பிளேஸ் அந்தச் சில்லைப் பரிசோதித்துப் பார்த்தார். அரசு ஒட்டுக்கேட்பதற்கென்று ஒவ்வொரு செய்தியோடும் போகும் பகுதியைச் சரிபார்க்க வைத்திருந்தது வெறும் 16 பிட் எண். 65,536 வாய்ப்புகள்தான். போலியாக ஒன்றைத் தயாரித்து வைத்துவிட்டால் பூட்டு வேலை செய்யும், அரசின் சாவி மட்டும் வேலை செய்யாது. வாங்க ஆளில்லாமல் கிளிப்பர் மெல்ல ஒழிந்தது.

இவ்வளவு நடந்தும் நிரல் எழுத்தா பொருளா என்ற கேள்விக்கு நீதிமன்றம் எதுவும் பதில் சொல்லியிருக்கவில்லை. அந்தப் பதிலைக் கேட்டுப் போனவர் ஒரு மாணவர். பெர்க்லியில் கணிதம் படித்துக்கொண்டிருந்த டேனியல் பெர்ன்ஸ்டீன் ‘ஸ்னஃபிள்’ என்ற சிறு நிரல் எழுதியிருந்தார். செய்திக்குச் சுருக்க முத்திரை தயாரிக்கும் ஹாஷ் என்ற முறைக்கு ஏற்றுமதித் தடை கிடையாது. அந்த ஹாஷை வைத்துக்கொண்டே செய்தியைப் பூட்டலாம் என்று காட்டும் நிரல் அது. சட்டத்தின் ஓட்டையை அரசுக்கே படம் போட்டுக் காட்டியதுபோலத்தான். வெளியிடலாமா என்று 1992இல் கேட்டார். ஆயுத வியாபாரியாகப் பதிவு செய்துகொண்டு உரிமம் வாங்கு என்றார்கள். 1993இல் ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வுக் கட்டுரை, சி மொழி நிரல்கள், விளக்கக் குறிப்புகள் என ஐந்தாகப் பிரித்து, இவற்றில் எது ஆயுதம் என்று கேட்டார். ஐந்துமே என்றார்கள். கட்டுரை உட்பட.

1995இல் எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் அறக்கட்டளையின் துணையோடு வழக்குப் போட்டார். வாதாடியவர் சிண்டி கோன். வழக்கு வந்ததும் அரசு கட்டுரையை மட்டும் ஆயுதப் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் கழற்றிவிட்டது. 1996 ஏப்ரலில் நீதிபதி மேரிலின் ஹால் பட்டேல், மூல நிரல் பேச்சுதான் என்று தீர்ப்பளித்தார். கணினி மொழிக்கும் ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளுக்கும் இந்த விஷயத்தில் வேறுபாடு காண முடியவில்லை என்றார். டிசம்பரில், வெளியிடுமுன் உரிமம் கேட்பது முன்தணிக்கை, அது அரசியல் சட்டத்துக்கு முரண் என்றும் சொன்னார். அதே ஆண்டு வாஷிங்டனில், அந்தப் பிளாப்பிக்காகக் கார்ன் போட்டிருந்த வழக்கை இன்னொரு நீதிபதி தள்ளுபடி செய்திருந்தார் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கிளீவ்லாந்தில் சட்டப் பேராசிரியர் பீட்டர் ஜங்கர், தன் வகுப்பில் வெளிநாட்டு மாணவர் இருந்தால் மறைகுறி நிரலைப் பாடம் நடத்துவதும் ஏற்றுமதியா என்று கேட்டு மூன்றாவது வழக்கை நடத்திக்கொண்டிருந்தார்.

1996 ஜனவரியில் ஸிம்மர்மன் மீதான விசாரணையை அரசு கைவிட்டது. ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் கிளின்டன் மறைகுறி மென்பொருளை ஆயுதப் பட்டியலிலிருந்து எடுத்து வணிகத் துறையிடம் கொடுத்தார். பெயர்ப்பலகை மாறியது, உரிமம் கேட்கும் வழக்கம் மாறவில்லை.

நீதிமன்றத்துக்கு வெளியே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. திறந்த மூல நிரல் எழுதுவோர் அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் எரிக் யங் தொடங்கிவைத்த எஸ்எஸ்எல்ஈ என்ற நிரல் தொகுப்பு 1998 கடைசியில் ஓப்பன்எஸ்எஸ்எல் ஆனது. பாதுகாப்புக்குப் பெயர்போன ஓப்பன்பிஎஸ்டி கனடாவின் கால்கரியில் குடியிருந்தது. டெபியன் மறைகுறி சார்ந்த தொகுப்புகளை அமெரிக்காவுக்கு வெளியே உள்ள தனிச் சேவையகத்தில் வைத்தது. ஜான் கில்மோர் தொடங்கிய ஃப்ரீஸ்வான் திட்டம் அமெரிக்கர்களிடமிருந்து ஒரு வரி நிரலைக்கூட வாங்க மறுத்தது. தொடங்கியவரே அமெரிக்கர்! 1999இல் ஓப்பன்எஸ்எஸ்எச் உருவானபோது மிச்சிகனில் வசித்த பங்களிப்பாளர் ஒருவர் எல்லை தாண்டிக் கனடாவுக்குப் போய், அங்கே உட்கார்ந்து தன் பகுதியை எழுதிவிட்டு வந்தார். அமெரிக்காவின் தடை அமெரிக்கர்களின் கையைத்தான் கட்டியது. நிறுவனங்கள் அரசிடம் போய் முறையிட்டது தத்துவத்துக்காக அல்ல, வியாபாரம் கைவிட்டுப் போகிறதே என்றுதான். 2000இல் கட்டுப்பாடு தளர்ந்ததில் அந்த முறையீட்டுக்கே பெரிய பங்கு என்பது என் கணிப்பு. கருத்துரிமை வரலாற்றை எழுதுகிறவர்கள் இதை அடிக்குறிப்பில் தள்ளிவிடுகிறார்கள்.

1999 மே 6ஆம் தேதி ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் பெர்ன்ஸ்டீன் பக்கம் நின்றது. இரண்டுக்கு ஒன்று. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய பெட்டி ஃபிளெட்சர் கருத்துரிமையோடு நிற்கவில்லை. மறைகுறியைக் கட்டுப்படுத்துவது குடிமக்களின் அந்தரங்கத்தையும் பெயர் சொல்லாமல் பேசும் உரிமையையும் தொடக்கூடும் என்று கோடு காட்டினார். மறுப்புத் தீர்ப்பு எழுதிய தாமஸ் நெல்சன், மூல நிரல் பெரும்பாலும் கணினியை இயக்கும் கருவிதான், பேச்சு என்பது அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது என்றார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயுதம் செய்யும் முறையை எழுதிய புத்தகம் தானாக வெடிக்காது. நிரல் அப்படியல்ல, இயக்கினால் எழுதியபடி நடக்கும்.

செப்டம்பரில் அந்தத் தீர்ப்பை விலக்கிவைத்து, பெரிய அமர்வு மறுபடி விசாரிக்கும் என்றார்கள். விசாரணை நடக்கவே இல்லை. 2000 ஜனவரியில் வணிகத் துறை விதியை மாற்றிவிட்டது. மூல நிரலைப் பொதுவில் வெளியிடுகிறவர்கள் எங்கே வைத்திருக்கிறோம் என்று ஒரு மின்னஞ்சல் போட்டால் போதும். ஏப்ரலில் ஜங்கர் வழக்கில் ஆறாம் வட்டார நீதிமன்றம், இசைக் குறிப்பைப் பலருக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் இசைக் கலைஞர்களுக்கு அது மொழி என்று உதாரணம் காட்டி, நிரலுக்கும் முதல் திருத்தத்தின் காப்பு உண்டு என்றது. பெர்ன்ஸ்டீன் வழக்கு இழுத்துக்கொண்டே போய் 2003இல் முடித்துவைக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம்வரை எந்த வழக்கும் போகவில்லை. அரசு தோற்கவில்லை, தோற்குமுன் மைதானத்தை விட்டுக் கிளம்பிவிட்டது.

இந்தியாவிலும் 40 என்ற எண் வெகுகாலம் உயிரோடு இருந்தது. இணையச் சேவை உரிம விதிகள் 40 பிட்டுக்கு மேல் போக அனுமதி வேண்டும் என்றன. ரிசர்வ் வங்கியோ 2001இல் இணைய வங்கிச் சேவைக்குக் குறைந்தது 128 பிட் வேண்டும் என்றது. இரண்டையும் ஒருசேர மதித்து நடந்தவர் யாராவது இருந்தால் சொல்லலாம். 2015 செப்டம்பரில் மத்திய அரசின் மறைகுறிக் கொள்கை வரைவு ஒன்று வந்தது. அனுப்பிய செய்திகளை வெறும் எழுத்தாக 90 நாள் வைத்திருந்து கேட்டால் காட்ட வேண்டும் என்றது. எதிர்ப்பு கிளம்பியதும் ஓரிரு நாளில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

அமெரிக்கத் தடையின் எச்சமும் அதே 2015இல் வெளிப்பட்டது. வெளிநாட்டாருக்கென்று வேண்டுமென்றே வலுக்குறைத்த பழைய 512 பிட் ஆர்எஸ்ஏ சாவிகளை ஏற்கும் வசதி உலகெங்கும் ஏராளமான சேவையகங்களில் கிடந்தது. கைபேசி உலாவிகளை ஏமாற்றி அந்தப் பலவீனமான பூட்டுக்கு இறக்கிவிடலாம் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஃப்ரீக் என்று அதற்குப் பெயர். அதில் அகப்பட்டவற்றுள் அமெரிக்க அரசின் தளங்களும் இருந்தன. பெர்ன்ஸ்டீன் பேராசிரியரானார். 2005இல் ஸ்னஃபிள் 2005 என்று பெயரிட்டுப் புது மறைகுறி முறை ஒன்றைக் கொண்டுவந்தார். பிறகு அது சால்ஸா20 ஆனது. அதன் வழிவந்த சாச்சா20 இன்று உலாவிகளிலும் கைபேசிகளிலும் ஓடுகிறது.

நிரல் பேச்சுதான் என்ற வாதத்தை அடுத்ததாகக் கையில் எடுத்தவர்கள் டிவிடியின் பூட்டைத் திறக்கும் நிரலை வெளியிட்டவர்கள். 2000இல் நியூயார்க்கில் அவர்களுக்கு எதிரே நின்றது அரசு இல்லை, ஹாலிவுட். அங்கேயும் நீதிமன்றம் ஆமாம், நிரல் பேச்சுதான் என்று ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டு, தடையும் போட்டது. அதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)